பொன்வாணிகன் அளித்த கல்லில்லம்

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் வாழ்ந்த மனை, வணிகப் பெருங்குடி ஒன்றின் இல்லம் எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டும் சொல்லோவியமாகும். பல நிலைகளாய் உயர்ந்த மாடம், தென்றல் நுழையும் சாளரம், நிலவொளியில் அமர்தற்குரிய மேல்தளம் ஆகியவற்றை இளங்கோவடிகள் அதில் காட்டுகிறார். செங்கல்லும் மரமும் கொண்டு எழுப்பப்பெற்ற அத்தகைய மனைகள் காலத்தால் அழிந்தன. ஆயினும் பழங்கொங்கு வணிகன் ஒருவன் பிறர்க்கென அமைத்தளித்த உறைவிடம் இன்றும் நிலைத்துள்ளது.

கரூருக்கு வடமேற்கே, காவிரியின் தென்கரையை அடுத்துள்ளது புகளூர். அங்குள்ள ஆறுநாட்டார்மலையின் உச்சியில் இன்று முருகன் கோயில் விளங்குகிறது. அம்மலையில் இயற்கையாய் அமைந்த குகைத்தளங்களில் சமணத் துறவியர்க்கான கற்படுக்கைகளும் தமிழ்ப்பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று, கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பானின் அதிட்டானத்தைக் குறிக்கிறது. அதிட்டானம் என்பது பிராகிருத வழிச்சொல். இருக்கை, உறைவிடம் என்று பொருள்படும்.

இத்தகைய உறைவிடங்களின் அமைப்பு மிக எளியது. முன்னோக்கி நீண்ட பாறையே கூரை. மழைநீர் உட்புகாதிருக்க அதன் நெற்றியில் காடி வெட்டுவது வழக்கம். தரைப்பாறையை ஒருவர் படுக்கும் அளவிற்குச் செதுக்கிச் சமன்செய்து, தலைமாட்டைச் சற்றே உயர்த்தி விடுவர். கதவில்லை, பூட்டில்லை, பேழை வைக்கும் அறையுமில்லை. பொன் விற்றவன் அளித்த இல்லத்தில் பொன்னுக்கு இடமில்லை. அபரிக்கிரக நெறிக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

வணிகனோடு வேந்தனும் இம்மலையில் அறம் செய்துள்ளான். யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதிய அமணர்க்காக, இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்றபோது கல் வெட்டுவிக்கப்பெற்ற செய்தியை மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. அதில் வரும் மூன்று தலைமுறைச் சேரர் பெயர்களை, பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்களோடு ஐராவதம் மகாதேவன் இணைத்துக் காட்டினார். சங்க காலத்தைக் கணிக்கத் துணைநிற்கும் சான்றொன்று, துறவியின் படுக்கையருகே கிடைத்தது என்பது எண்ணத்தக்கது.

மணிகளும் இரும்பும் உருவான நொய்யற்கரைக் கொடுமணல், உரோமானிய நாணயங்கள் கிடைத்த கரூர், வெள்ளலூர் ஆகியவை கொங்கின் வணிகச் செழிப்பைக் காட்டுகின்றன. அச்செழிப்பின் ஒரு பகுதி அறமாயிற்று. உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என நால்வகைத் தானங்களைச் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துரைத்தார். மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்கியாக வேண்டிய துறவியர்க்கு உறைவிடமே முதன்மைத் தேவை. சமந்தபத்திரரின் நூல் வகுத்த அவ்வறத்தைப் புகளூர்ப் பாறை நத்தியின் செயலாகக் காட்டுகிறது.

இவ்வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. பழனியை அடுத்த ஐவர்மலையில், கி.பி. 870இல் சாந்திவீரக் குரவர் தீர்த்தங்கரர், இயக்கியர் திருமேனிகளைப் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் அடிகள் ஒருவரின் உணவிற்கும் 505 காணம் பொன் வைத்தார். விசயமங்கலத்துச் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயிலும் அம்மரபின் சான்றாய் நிற்கிறது.

பாறையில் இன்று ஒருவர் கீறும் பெயரும் பூசும் வண்ணமும் ஈராயிரம் ஆண்டளவு பழமையான எழுத்தை ஒரு நொடியில் சிதைத்துவிடும். நத்தியின் மாடமாளிகை எங்கிருந்தது என்பதை அறிவாரில்லை. அவன் ஈந்த கற்படுக்கையே அவன் பெயரைக் காத்தது. அதனைக் காக்கும் கடமை இன்றைய சிராவகர்க்கு உரியது.