நான்காவது பெண்

1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது. 1832இல் ஓவியர் தெலக்ருவா அங்கே போனார். 1834இல் ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ ஓவியத்தைப் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். மன்னர் லூயி பிலிப் அதை வாங்கினார். இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று பெண்கள் பட்டும் நகையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சோம்பிக் கிடக்கும் கிழக்கு என்ற ஐரோப்பியக் கற்பனைக்கு அவர்கள் சாட்சியாக்கப்பட்டார்கள். நான்காமவர் கறுப்பினப் பணிப்பெண். அவர் மட்டும் நிற்கிறார், முதுகைக் காட்டியபடி. பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை இறுதியாக ஒழித்தது 1848இல்தான்.

காலனியப் பார்வையைக் கண்டிப்பவர்களும் பெரும்பாலும் அந்த மூவரோடு நின்றுவிடுகிறார்கள். ஒடுக்கப்பட்டோர் வீட்டுக்குள்ளும் ஒடுக்குமுறை உண்டு என்பதைச் சாதி நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஆகவே நாம் அந்த நான்காமவரிடமிருந்தே ஓவியத்தைப் பார்க்கத் தொடங்குவோம்.