மூங்க் கண்ணுக்குள் வந்த பறவை

சிவந்த வானம், ஒரு பாலம், ரெண்டு கன்னத்திலும் கை வைத்து நிற்கிற ஒரு உருவம். 'அலறல்' ஓவியத்தைப் பார்க்காதவங்க நம்மில் குறைவு. அதை வரைந்தவர் நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க். ஆனா இன்னைக்கு நான் பேசப் போறது, அவர் 66 வயசுல வரைஞ்ச வேற சில படங்களைப் பத்தி.

1930-ல் மூங்க்கின் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிஞ்சது. இடது கண் ஏற்கெனவே பலவீனம். அதாவது, அவர் நம்பியிருந்த ஒரே நல்ல கண்ணும் மங்கிப்போச்சு. அன்றைய மருத்துவத்தில் இதுக்குப் பெரிய சிகிச்சை எதுவும் இல்லை. ஓய்வெடுங்க, காத்திருங்க, அவ்வளவுதான்.

மூங்க் காத்திருந்தார், ஆனா சும்மா இருக்கலை. ஒரு கண்ணை மூடிக்கிட்டு, பாதிக்கப்பட்ட கண்ணில் என்ன தெரியுதோ அதை அப்படியே வரைஞ்சார். வட்டத்துக்குள் வட்டமா நிறங்கள். குறுக்கே கருப்பா ஒரு கறை. அது ஒரு பறவை மாதிரி இருந்தது. அலகோட அதை வரைஞ்சு வைத்தார்.

அந்தப் பறவை கற்பனை இல்லை. நம்ம கண்ணுக்குள் விட்ரியஸ்னு ஒரு தெளிவான ஜெல் நிறைஞ்சிருக்கு. அதுக்குப் பின்னாடி, கேமராவின் சென்சார் மாதிரி விழித்திரை. ஜெல்லுக்குள் ரத்தம் இறங்கினா, அதன் நிழல் விழித்திரை மேல விழும். மூங்க் வரைஞ்சது அந்த நிழலை.

இந்த ரத்தத்தைக் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் வலியும் இருக்காது. 1851-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணின் உட்பகுதியைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். அதுக்கு அப்புறம்தான் டாக்டர்களால் உயிரோடு இருப்பவரின் விழித்திரையைத் தெளிவாப் பார்க்க முடிஞ்சது. ஆனா அந்தக் கருவிக்கு முன்னாடி போய் உட்காரணும்னு முதல்ல தெரியுறது நோயாளிக்கு மட்டும்தான்.

நாம பயப்படுறது என்னமோ தலைகீழா இருக்கு. பலமா இருமினதும் வெள்ளை விழியில் திட்டா ரத்தச் சிவப்பு வந்தா, வீடே அலறும். வலி இல்லாம, பார்வையும் சரியா இருந்தா, அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானா மறைஞ்சுடும். அடிபட்டு வந்தாலோ, அடிக்கடி வந்தாலோ, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தாலோ டாக்டரைப் பாருங்க.

அதே சமயம், திடீர்னு கண் முன்னாடி புள்ளிகள், சிலந்தி வலை, புகை, மின்னல் வெட்டு, ஓரத்திலிருந்து இறங்கும் திரை, இதெல்லாம் தெரிஞ்சா "தூங்கினா சரியாகிடும்"னு விட்டுடுறோம். அன்னைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியது இதுக்குத்தான். விழித்திரை கிழிஞ்சிருக்கலாம்.

இன்னொன்னு, கண்ணுக்குப் பின்னாடி கசியுற ரத்தம். பந்தோ கையோ பட்ட பிறகு கண் வெளியே தள்ளி, கடுமையா வலிச்சு, பார்வை குறைஞ்சா, உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்குதுன்னு அர்த்தம். நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. இதில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

மூங்க்குக்கு அதிர்ஷ்டம், பார்வை பெருமளவு திரும்பியது, 1944-ல் இறக்கும் வரை வரைஞ்சார். விட்ரியஸைத் தொட்டா கண்ணே போயிடும்னு அப்போ அறுவை மருத்துவர்கள் பயந்தாங்க. அந்தப் பயத்தை உடைச்சவர் ராபர்ட் மாக்கெமர். 1970-ல் மயாமியில், சர்க்கரை நோயால் கண்ணுக்குள் ரத்தம் கசிஞ்ச ஒருத்தருக்கு, சின்னத் துளை வழியா அந்த ஜெல்லை வெட்டி உறிஞ்சி எடுத்தார். இன்னைக்கு அந்த அறுவை சிகிச்சை, லேசர், ஊசி எல்லாமே இருக்கு. நேரத்துக்குப் போனாத்தான் அதெல்லாம் பயன்படும்.

அதனால, வீட்டில் சுகர் இருக்கிற அப்பா அம்மாவைப் பார்வை நல்லா இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை இன்னொன்று மறைச்சுடும். மூங்க் செஞ்ச மாதிரி ஒரு கண்ணை மூடி, மற்றதால் சுவரைப் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் மாத்தி மூடச் சொல்லுங்க. நீங்களும் பாருங்க.