ஆழாக்குக்குள் ஒரு கணக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வேர்க்கடலைக்கு ‘மல்லாட்டை’ என்று பெயர். அதைப் படியில் அளந்து பழகிய பாட்டியிடம் ‘எட்டில் ஒரு பங்கு’ என்று கேளுங்கள்... முழிப்பார். ‘ஓர் ஆழாக்கு’ என்றால் டக்கென்று அளந்து போடுவார். இரண்டும் ஒன்றுதான்!

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆக, உரி என்றால் அரை, உழக்கு கால், ஆழாக்கு அரைக்கால். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை உருப்போட்டுப் படித்த பின்னக் கணக்கை, அடுக்களைப் பாத்திரங்கள் கண்ணெதிரே காட்டின.

சிக்கல் ஒன்றுதான். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஒரு படி நெல் என்றால் எந்த ஊர்ப் படி? ஏமாற்ற இது போதாதா! 1956-ல் எடை, அளவைச் சட்டம் வந்தது. கிலோவும் லிட்டரும் மெல்ல நுழைந்தன. ஆனாலும் 1967 தேர்தலில் அண்ணா பேசியது ‘ரூபாய்க்கு மூன்று படி’ அரிசி பற்றித்தான். ஜனங்களின் கண்ணுக்குத் தெரிந்தது படிதானே!

சட்டம் தொடாதது ஒன்று உண்டு: பங்கு. நாலு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து. ஆழாக்கு பெரிசோ சிறிசோ, கணக்கு மாறாது, இட்லியும் கெடாது.

பிள்ளைக்குப் பின்னம் வரவில்லையா? டியூஷனுக்கு அனுப்பும் முன், பரணிலிருக்கும் அந்தப் பழைய படியையும் ஆழாக்கையும் இறக்கி, கையில் கொஞ்சம் அரிசி கொடுத்துப் பாருங்களேன்!