பலாவும் ஈரப்பலாவும்

பாரியின் பறம்பை மூவேந்தரும் முற்றியிருந்த காலத்தில், அம்மலையை முற்றுகையால் கொள்ள இயலாது என்பதற்குக் கபிலர் காட்டிய காரணம் படைவலி அன்று, உணவு. ஏர் தொடாமலே பறம்பு தரும் பொருள்கள் நான்கு எனப் புறநானூற்றின் 109ஆம் பாட்டில் அவர் எண்ணிச் சொல்கிறார். மூங்கிலின் நெல், பலாவின் பழம், வள்ளியின் கிழங்கு, மலைத்தேன் என்பன அவை. முற்றுகைக்குள் இருந்தவர்க்குப் பலா சோறாயிற்று. குறுந்தொகையின் 18ஆம் பாட்டில் அதே புலவர் அதே பழத்தை, மெல்லிய கொம்பு தாங்கும் பாரமாகக் கண்டு, தலைவியின் சிற்றுயிருக்கும் பெருங்காமத்துக்கும் உவமையாக்கினார். இலக்கிய மேடைகளில் இரண்டாவது பாட்டே மிகுதியும் பேசப்படுகிறது. முதற்பாட்டின் பலா, உவமையாக வராமல் உணவாகவே வருவதால் கவனம் பெறாமற் போயிற்று போலும்.

இப்பலாவுக்கு உறவான மரம் ஒன்று உண்டு. குமரி மாவட்டத்தாரும் மலையாளக் கரையினரும் சீமைப்பலா என்றும், ஈழத்தவர் ஈரப்பலா என்றும் அதனை வழங்குவர். சங்க நூல்களில் வரும் ஆசினி என்னும் சொல்லுக்கு ஈரப்பலா என அகராதிகள் பொருள் தருவதால், இம்மரமும் பண்டே இங்கிருந்தது என்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. இன்றைய ஈரப்பலாவின் மூலம் நியூகினியைச் சார்ந்த தீவுகள். அங்கிருந்து பசிபிக் தீவினர் தம் படகுகளில் தீவு தீவாகக் கொண்டு சென்ற மரம் அது. ஆசினி என்பது பலாவில் ஒரு வகையாகவோ, மேற்குமலைக் காட்டில் வளரும் அயினி மரமாகவோ இருந்திருத்தல் கூடும். வந்த மரத்துக்கு உள்ளூர் மரத்தின் பெயரைச் சூட்டுதல் எங்கும் உள்ள வழக்கம். சிங்களத்திலும் 'தெல்' என்பது இலங்கைக்கே உரிய ஒரு காட்டு மரத்தின் பெயர். பின்னர் வந்த ஈரப்பலாவை 'ரட்ட தெல்', அதாவது அயல்நாட்டுத் தெல், என்றனர்.

இரு மரங்களும் ஒரே பேரினத்தவை. அப்பேரினத்துக்கு 1776இல் ஃபார்ஸ்டர் தந்தையும் மகனும் இட்ட 'ஆர்ட்டோகார்ப்பஸ்' என்னும் பெயருக்குக் கிரேக்கத்தில் ரொட்டிப்பழம் என்பது பொருள். ஈரப்பலாவை மனத்திற்கொண்டு இட்ட பெயரின் கீழ் பலாவும் அடங்கிற்று. ஆயினும் இரண்டும் பெருகும் வழி வேறு. பலா கொட்டையால் பெருகும். ஒரே பழத்தின் கொட்டைகளை நட்டாலும் ஒரு கன்று தாய்மரத்தைப் போலவும் மற்றொன்று கூழைச் சுளையாகவும் போகலாம். ஈரப்பலாவின் நல்ல வகைகளுக்கு விதையே இல்லை. மண்ணின் மேற்பரப்பில் ஓடும் அதன் வேரைக் கொத்திக் காயப்படுத்தினால், அக்காயத்திலிருந்து கன்று முளைக்கும். அதனை வேரோடு வெட்டி எடுத்து நட வேண்டும். விதையை மடியில் முடிந்து வருவதுபோல் அதனைக் கொண்டுவர இயலாது. உயிருள்ள கன்றாகவே, நீர் ஊற்றி, உப்புக்காற்றுப் படாமல் கடல் கடத்தியாக வேண்டும். உலகறிந்த கப்பற்கலகம் ஒன்றின் பின்னணியில் இருப்பது இந்தச் சிறு தாவர உண்மையே.

1769இல் கேப்டன் குக்கின் கப்பலில் தாகித்திக்குச் சென்ற ஜோசப் பாங்க்ஸ், உழைப்பின்றி உணவு தரும் இம்மரத்தைக் கண்டு வியந்தார். அவ்வியப்பு விரைவில் கணக்காக மாறியது. கரிபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தனர். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிந்தபின் அங்கிருந்து வந்த உணவு தடைப்பட்டது. புயல்களும் அடுத்தடுத்து வீசின. 1780க்கும் 1787க்கும் இடையில் பசியாலும் அதன் வழிவந்த நோயாலும் மாண்ட அடிமைகள் ஏறத்தாழ 15,000 பேர் என ஜமைக்காவின் சட்டமன்றமே கணக்கிட்டது. அடிமைக்கு நிலமும் நேரமும் கொடுப்பதைவிட, தானே காய்க்கும் மரம் ஒன்றை இறக்குமதி செய்வது மலிவு எனத் தோட்ட முதலாளிகள் கருதினர்.

1787 டிசம்பரில் வில்லியம் பிளையின் தலைமையில் 'பவுண்டி' புறப்பட்டது. கப்பலின் பெரிய அறை கன்றுச் சட்டிகளுக்கென ஒதுக்கப்பட்டது. தாகித்தியில் ஐந்து திங்கள் தங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை ஏற்றினர். 1789 ஏப்ரல் 28 அன்று பிளெட்சர் கிறிஸ்தியன் தலைமையில் கலகம் வெடித்தது. பிளையும் உடனிருந்த 18 பேரும் திறந்த படகில் இறக்கிவிடப்பட்டனர். கன்றுகள் கடலில் எறியப்பட்டன. திரைப்படங்கள் கலகத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் பிளை மீண்டும் சென்றார். 'பிராவிடன்ஸ்' கப்பல் 1793 சனவரியில் புனித வின்சென்ட் தீவுக்கும், அடுத்த திங்கள் ஜமைக்காவுக்கும் கன்றுகளைக் கொண்டு சேர்த்தது. அப்பயணத்தில் கன்றுகளுக்கு முதலில் நீர், மாலுமிகளுக்கு அளவுநீர்.

இத்தனை செலவில் வந்த காயை அடிமைகள் விரும்பவில்லை. தம் சிறு நிலங்களில் தாமே விளைவித்த வாழைக்காயையும் கிழங்கையும் விட்டு இதனை உண்ண அவர்கள் முன்வராததால், பல காலம் அது பன்றிகளுக்கே போயிற்று. சுவை பழகாமை மட்டும் காரணமாக இருந்திருக்க முடியுமா என்பது எண்ணத்தக்கது. பங்கீடாக வந்த உணவு அது. 1838இல் முழு விடுதலை கிடைத்து, மக்கள் தத்தம் குடிசைக்கென முற்றம் ஒன்றைப் பெற்ற பின்னரே ஈரப்பலா அவர்கள் நெருப்பில் சுடப்பட்டு அவர்கள் உணவாயிற்று. 1990இல் டெரக் வால்காட் வெளியிட்ட 'ஓமரோஸ்' காவியத்தில் மீனவன் ஒருவனின் முற்றத்தில் அம்மரம் இயல்பாக நிற்கிறது. மரம் வந்து இரு நூற்றாண்டுகள் ஆகும் வேளையில் அது.

பலாவும் அதே ஜமைக்காவுக்குச் சென்றது என்பது பலர் அறியாத செய்தி. 1782இல் ரோட்னியின் கடற்படையினர் கைப்பற்றிய பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் மாவும் பலாவும் இருந்தன. திட்டமோ தனிக்கப்பலோ இல்லாமல் போர்க்கொள்ளையாக வந்த பலா, தானே பரவிற்று. மலையாளத்துச் 'சக்க', போர்த்துக்கீசியர் நாவில் 'ஜாக்கா'வாகி, ஆங்கிலத்தில் 'ஜாக்' ஆன அப்பெயருடனேயே அது உலகம் சுற்றியது. பிரேசிலின் ரியோ நகரை ஒட்டிய திஜூக்காக் காட்டில் அது அளவு கடந்து பெருகி, அவ்விடத்து மரங்களை நெருக்குவதாக இன்று குறை கூறுகின்றனர்.

இலங்கையில் இவ்விரண்டும் ஒரே வேலிக்குள் நிற்கின்றன. ஈரப்பலாவைக் கொணர்ந்தவர் ஒல்லாந்தர் என்பர். காலிக் கோட்டைக்குள் நிற்கும் முதுமரம் ஒன்றை அவர்கள் நட்டதாகவே ஊரார் காட்டுவர். பலாவுக்கு அங்கு வேறொரு கதை. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆங்கில அரசு சிறையிட்டவர்களுள் ஒருவரான ஆர்தர் வி. டயஸ், பின்னாளில் தீவெங்கும் பலாக்கன்று நடுவதை இயக்கமாகவே நடத்தினார். மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்றனர். 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு அறுந்தபோதும், 2022இல் நாடு பொருள் நெருக்கடியில் சிக்கியபோதும் பல வீடுகளில் உலை ஏறியது அத்தகைய மரங்களின் காயே. பறம்பின் முற்றுகையை நினைவூட்டும் நிகழ்ச்சிகள் இவை.

வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டில் எது ஏற்றது என்பதை மண்ணும் மழையும் முடிவு செய்யும். ஈரப்பலாவுக்கு ஆண்டு முழுதும் ஈரமும் வெப்பமும் வேண்டும். நீண்ட கோடையிலும் குளிரிலும் அது வாடும். ஆகவே குமரி, மலையாளக் கரை, இலங்கையின் ஈரவலயம் போன்ற இடங்களிலேயே அது செழிக்கும். நட்ட மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கும். காய் ஒன்றிரண்டு கிலோ. கிளைநுனியில் காய்ப்பதால் துறட்டி வேண்டும். பறித்த இரண்டு மூன்று நாள்களில் கனிந்து குழைந்துவிடும். பலா பண்ருட்டியின் செம்மண்ணிலும் வளரும். வேரில் நீர் தேங்குவதை மட்டும் பொறாது. கொட்டையை உலரவிடாமல் புதிதாகவே ஊன்றுதல் நன்று. கொட்டைக்கன்று காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் செல்லும், ஒட்டுக்கன்று முந்தும். பிஞ்சு மூசாகக் கறிக்கும், முதிர்ந்தது சோற்றுக்கு ஈடாகவும், சுளை பழமாகவும், கொட்டை குழம்புக்கும், சக்கை மாட்டுக்கும் ஆகும். காய்ப்பு ஓய்ந்த மரம் தஞ்சையில் வீணைக்குடமாகும், மிருதங்கக் கட்டையுமாகும். ஈரப்பலாவின் மரமோ மென்மரம்.

ஆயினும் சட்டத்தின் முன் இரண்டும் சமமாயின. இலங்கையின் 1951ஆம் ஆண்டு மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், தன் முற்றத்தில் நிற்பதாயினும், அனுமதியின்றி எவரும் வெட்டலாகாது எனக் காக்கப்பட்டவை மூன்று மரங்கள்: பலா, ஈரப்பலா, வடபுலத் தமிழரின் பெண்பனை.