பூனைக்கு வந்து சேர்ந்த இன்சுலின்

சர்க்கரை நோயுள்ள பூனைகளுக்குப் போடும் இன்சுலின்களில் ஒன்று, குப்பியில் வெண்மையாகக் கலங்கியிருக்கும். கலக்கத்துக்குக் காரணம், மீன் விந்திலிருந்து முதலில் பிரித்தெடுத்த புரோட்டமைன் என்ற புரதம். இந்தப் புரோட்டமைன் துத்தநாக இன்சுலின் பிறந்தது பூனைக்காக அல்ல. இரவைக் கடக்க வழியில்லாமல், காலையில் ஏறிய சர்க்கரையோடு எழுந்த மனிதர்களுக்காக.

1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் இன்சுலினால் பிழைத்தான். ஆனால் அன்றைய இன்சுலின் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். தூக்கத்தில் மருந்து தீர்ந்ததும் கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடத் தொடங்கும். விடிவதற்குள் அளவு எகிறிவிடும். பகலில் பல ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இதே கதிதான்.

அந்த ஆண்டின் கடைசியில் டென்மார்க்கின் நோபல் அறிஞர் ஆகஸ்ட் குரோக் டொரன்டோவுக்கு வந்தார். அவருடைய மனைவி மரீ ஒரு மருத்துவர். மரீக்கே சர்க்கரை நோய் இருந்தது. இன்சுலின் தயாரிக்க அனுமதி பெற்று ஊர் திரும்பிய குரோக், ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகடார்னுடன் சேர்ந்து 1923-இல் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்.

கரைந்த மருந்து உடனே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. கரையாமல் தோலடியில் தங்கினால்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்ட ஹேகடார்னுக்கு, ட்ரவுட் மீனின் விந்தில் கிடைக்கும் புரோட்டமைன் கை கொடுத்தது. அதனோடு சேர்ந்த இன்சுலின், உடம்பின் இயல்பான காரநிலையில் நுண்துகள்களாகப் படிந்து, சிறிது சிறிதாகவே கரைந்தது. இது 1936-இல் வெளியானது. அதையொட்டி டொரன்டோவில் ஸ்காட், ஃபிஷர் இருவரும் துத்தநாகம் சேர்த்தபோது மருந்து ஒரு முழு நாளையும் தாண்டியது. இன்சுலின் வரலாற்றில் இதைவிட அழகான யோசனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அதில் புரோட்டமைன் மிகுதி. வேகமான இன்சுலினை அதே ஊசியில் கலந்தால் அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹேகடார்னின் கூடத்திலேயே 1946-இல் உருவான என்.பி.ஹெச். இன்சுலினில் அந்தக் குறை இல்லை. மனிதர்கள் மெல்ல அதற்கு மாறினார்கள்.

பூனையின் உடம்பு இன்சுலினை விரைவாகச் செலவழிப்பது. என்.பி.ஹெச். பெரும்பாலும் அடுத்த ஊசி வரை அதற்குத் தாங்குவதில்லை. மனிதனுக்கு ஒரு நாளைக்கு மேல் ஓடிய பழைய புரோட்டமைன் துத்தநாக மருந்தோ பூனையிடம் ஏறக்குறைய 12 மணி நேரம் ஓடியது. பெரும்பாலும் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தது என்பது இன்னொரு வசதி: மாட்டு இன்சுலினுக்கும் பூனையினுடையதற்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேறுபாடு, மனித இன்சுலினோடு நான்கு. விலங்கு இன்சுலின் அருகியபோது, மனித இன்சுலின் வடிவத்தைக் கொண்டு பூனைகளுக்கென்றே செய்த புரோட்டமைன் துத்தநாக இன்சுலினான புரோசிங்க் வந்தது. 2009-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. வடிவம் மாறினாலும் அது பூனைகளிடம் நன்றாகவே வேலை செய்கிறது.

பூனை வளர்ப்பவர்களைக் கலங்க வைப்பது காலை அளவுதான். ஊசிக்கு முன் காதோரம் குத்திப் பார்க்கும் அந்த எண், முந்தின மாலை மருந்தின் கடைசி மணியைக் காட்டுவது. அது உயர்ந்திருந்தால் மருந்து போதவில்லை என்றே மனம் சொல்லும். ஆனால் மருந்து சீக்கிரம் தீர்ந்திருக்கலாம். பிடித்து அமுக்கியதில் பூனை மிரண்டிருந்தாலே சர்க்கரை ஏறும். இரவில் மிகவும் தாழ்ந்து, உடம்பு பதறித் திருப்பி ஏற்றியிருக்கவும் கூடும். அபூர்வம்தான் என்றாலும், அப்போது அளவைக் கூட்டுவது ஆபத்து.

ஆகவே ஒரு காலை எண்ணை வைத்து மருந்தைக் கூட்டாதீர்கள். ஊசி போட்ட பின் இரண்டு மணிக்கொரு முறை பார்த்து, நாளின் ஏற்ற இறக்கத்தைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். புரோசிங்க் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுங்கள். பூனை சாப்பிடவில்லை, அல்லது அளவு தாழ்ந்திருக்கிறது என்றால் ஊசி போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.