கேம்ப்புக்குப் போன பையன்கள்

எங்கள் வீட்டில் எந்தப் பையன் எதில் மாட்டினாலும் ஒரே தீர்ப்புதான்: "சேர்க்கை சரியில்ல." குற்றவியலில் பிஎச்.டி. சேர்ந்தபோது நானும் அதையே கோட்டு சூட்டு மாட்டி ஆய்வு முன்மொழிவாகக் கொடுத்தேன். பசங்களை நல்ல அண்ணன்மார் பொறுப்பில் விடு, லீவுக்கு கேம்ப் அனுப்பு, திருந்திடுவாங்க. அப்புறம்தான் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வைப் படித்தேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், 1939. ஹார்வர்டு மருத்துவர் ரிச்சர்ட் கேபட் ஆரம்பித்து வைத்தது. 506 சிறுவர்களை, வயது, குடும்பம், சுபாவம் என ஒத்துப்போகும் ஜோடிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நாணயம் சுண்டினார்கள். ஒருவனுக்கு எல்லா உதவியும். மற்றவனுக்கு ஒன்றும் இல்லை. உதவி என்றால் பேருக்கு இல்லை. ஆலோசகர்கள் மாதம் இருமுறை வீடு தேடி வந்தார்கள். டியூஷன், வைத்தியம், கோடைக்கால கேம்ப் எல்லாம் உண்டு. சராசரியாக ஐந்தாண்டுகள் இது நடந்தது. 1945-இல் திட்டம் முடிந்தது.

முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் போனார். அதற்குள் எல்லோரும் நடுவயது ஆண்கள். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், "எனக்கு நல்லது செஞ்சாங்க" என்றார்கள். சிலர் ஆலோசகரின் பெயரைக்கூட மறக்கவில்லை. ஆனால் நீதிமன்ற, மருத்துவமனை, இறப்புப் பதிவேடுகள் வேறு சொல்லின. குற்றம் செய்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். மறுபடியும் செய்தவர்கள் உதவி பெற்ற பக்கம்தான் அதிகம். குடிநோயின் அறிகுறிகளும், சீக்கிரம் வந்த சாவும் அப்படியே. 1978-இல் மெக்கார்ட் இதை வெளியிட்டார். உதவியே கெடுத்தது என்றால் யாருக்குத்தான் ஜீரணமாகும்?

காரணத்தின் ஒரு நுனி 1999-இல் கிடைத்தது. டிஷியன், பூலின் ஆகியோருடன் மெக்கார்ட் எழுதிய கட்டுரை அது. ஒருமுறைக்கு மேல் கேம்ப் போனவர்களிடம்தான் கேடு குவிந்திருந்தது. டிஷியன் ஏற்கெனவே ஓரிகனில் 13, 14 வயதுப் பையன்களை நண்பனோடு பேசவிட்டு வீடியோ எடுத்திருந்தார். விதி மீறிய கதை வந்ததும் பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் சம்பளம். எந்த ஜோடியில் அது அதிகமோ, அங்கே பின்னாளில் குற்றமும் அதிகம். கேம்ப்பில் ராத்திரி விளக்கணைத்த பிறகு அண்ணன்மாரா பேசிக்கொண்டிருப்பார்கள்?

என் கேள்வித்தாளின் கடைசிக் கேள்வி, "இந்த நிகழ்ச்சி உங்களுக்கு உதவியதா?" அதை வைத்துத்தான் வெற்றியை அளப்பதாக எழுதியிருந்தேன். இப்போது ஒப்பீட்டுக் குழு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.