லண்டன்காரருக்கே லண்டன் வித்தையை விற்ற சோர்க்கார்

1956 ஏப்ரல் 9, இரவு. பிபிசி தொலைக்காட்சியில் 'பனோரமா' போய்க்கொண்டிருந்தது. அரசியலும் உலக விவகாரமும் கதைக்கிற, கொஞ்சம் இறுக்கமான நிகழ்ச்சி அது. அதன் கடைசிப் பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மஜிக்காரர். மகாராஜா உடுப்பு, இறகு வைத்த தலைப்பாகை. மேசையில் 17 வயது உதவியாளர் தீப்தி டே. அவரை மயக்கிக் கிடத்துவதுபோலக் காட்டிவிட்டு, மரக்காலையில் இருக்கிறமாதிரி ஒரு வட்ட வாளை அவருடைய இடுப்பின் மேல் இறக்கினார். வாள் நின்றது. பெண்ணின் கையைத் தேய்த்தார், கூப்பிட்டுப் பார்த்தார். அசைவில்லை. தலையை ஆட்டிவிட்டு அவருடைய முகத்தைக் கறுப்புத் துணியால் மூடினார். உடனே நிகழ்ச்சியை நடத்திய ரிச்சர்ட் டிம்பிள்பி கமராவுக்கு முன்னால் வந்து நின்று, நிகழ்ச்சி முடிந்துவிட்டது எண்டு சொல்லிவிட்டார்.

பிபிசியின் தொலைபேசிகள் ஓயவில்லை. பிள்ளை செத்துப்போச்சா எண்டுதான் எல்லாரும் கேட்டார்கள். அடுத்தநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் அதுவே கதை. அந்த மஜிக்காரர், பி. சி. சோர்க்கார், லண்டன் டியூக் ஒஃப் யோர்க்ஸ் தியேட்டரில் நடத்த வந்திருந்த காட்சிகளுக்கு ரிக்கெற் முழுக்க விற்றுத் தீர்ந்தது.

நேரம் முடிந்ததால்தான் வெட்டினோம் என்பது பிபிசி தரப்பு விளக்கம். ஆனால் சோர்க்கார் மேடையில் ஒவ்வொரு நொடியையும் கணக்குப் பார்த்து வேலை செய்தவர். முகத்தை மூடிய கையோடு நேரம் முடிகிறதெண்டால், அது தற்செயல் எண்டு நாங்கள் நம்பத் தயாரில்லை.

இவர் 1913இல் இன்றைய வங்கதேசத்தின் தாங்காயில் பிறந்தவர். குடும்பப் பெயர் சர்க்கார். 'சோர்க்கார்' எண்டு மாற்றினால் ஆங்கிலக் காதுக்கு 'சோர்சரர்', அதாவது சூனியக்காரன், எண்டு கேட்கும். வெளியூரில் ஆள் தெரியாத காலத்திலேயே 'உலகின் மிகப் பெரிய மஜிக்காரர்' எண்டு தானே பட்டம் போட்டுக்கொண்டவர். கூச்சம் எண்ட சாமான் ஆளிடம் கிடையாது.

எங்களைப் பிடித்து இழுத்தது வேறொரு விசயம். அன்றைக்கு லண்டன் பயந்து பார்த்தது இந்திய வித்தையே இல்லை. பெண்ணை அறுக்கிற வித்தையை 1921 ஜனவரியில் மேடையேற்றியவர் பி. ரி. செல்பிற் எண்ட ஆங்கிலேயர், அதுவும் லண்டனிலேயே. தியேட்டருக்கு வெளியே அம்புலன்ஸ் நிற்பாட்டி, இரத்தம்போல ஒன்றை வாளியில் கொண்டுவந்து சாக்கடையில் ஊற்றித்தான் அவரும் கூட்டம் சேர்த்தார். இதே செல்பிற் அதற்கு முந்தி எகிப்திய மந்திரவாதி வேடம் கட்டி, 'ஜோட் ஹெட்டெப்' எண்ட பெயரில் மஜிக் செய்தவர். ஆக, ஒரு ஆங்கிலேயர் கீழைத்தேயத்தான் வேடம் போட்டார். 35 வருடம் கழித்து உண்மையான கீழைத்தேயத்தான் ஒருவர் வந்து, அவரின் வித்தையைத் தலைப்பாகை கட்டி அவர் ஊருக்கே விற்றார்.

வேடம் கட்டியது செல்பிற் மட்டும் இல்லை. எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கன்ஸ்கூட 1849இல் முகத்தில் கறுப்புப் பூசி, 'ரியா ராமா ரூஸ்' எண்ட பெயரில் மஜிக் காட்டினார். 'ராமா' எண்ட அந்தப் பெயர் சும்மா வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் லண்டனில் 'ராமோ சாமி' எண்டொருவர் பெயர்பெற்றிருந்தார். தென்னிந்தியாவிலிருந்து போனவர், எங்கட வாயில் ராமசாமி. வாள் விழுங்குவதும், பந்து வீசிப் பிடிப்பதும், கிண்ணத்துக்குள் உருண்டையை மறைப்பதும் அவருடைய வித்தைகள். கடைசியாய்ச் சொன்னதைத்தான் தமிழில் செப்படி வித்தை என்கிறோம்; செப்பு என்றால் அந்தக் கிண்ணம். அவர் 1850இல் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்கவேண்டி வந்தது.

சோர்க்காருக்கு இந்த முடிவு வரவில்லை. வெள்ளைக்காரர் கற்பனை செய்து வைத்திருந்த இந்தியாவை அவர் எதிர்த்து நிற்கவில்லை. அதையே பெட்டியில் அடைத்து, ரிக்கெற் போட்டு விற்றார். இதைச் சரணாகதி என்று சொல்லலாம்தான். ஆனால் 1955இல் நடந்ததைப் பாருங்கோ. ஹெல்முட் ஷ்ரைபர் எண்ட ஜேர்மன்காரர், சோர்க்கார் தன் வித்தைகளைக் களவெடுத்துவிட்டார் எண்டு குற்றம் சாட்டினார். ஹிட்லருக்கு முன்னால் மஜிக் காட்டிய ஆள் அவர். அவருடைய மேடைப் பெயர் 'காலாநாக்'. ஹிந்தியில் கருநாகம், கிப்ளிங்கின் கதையில் வரும் யானையின் பெயர். இந்தியப் பெயரைச் சூடிக்கொண்டவர் இந்தியனைக் கள்ளன் என்கிறார்! பெயரையும் உடுப்பையும் யார் யாரிடம் எடுத்தது எண்டு கணக்குப் பார்க்க வெளிக்கிட்டால், சோர்க்காரின் கடன் அவ்வளவு பெரிதாய்த் தெரியாது.

ஆனாலும் எங்களுக்கு உறுத்துவது தீப்தி டேதான். ஒரு நாடே அவர் செத்துவிட்டார் எண்டு நினைத்துத் தொலைபேசி எடுத்தது. ஆனால் சுவரொட்டியில் இருந்த பெயர் சோர்க்காருடையது. அறுபடுகிற மேசையில் அசையாமல் கிடப்பதும், சரியான இடத்தில் உடம்பை ஒடுக்குவதும், மூச்சை அடக்குவதும் வித்தையில் பாதிக்கு மேல். அதைச் செய்தவரை எல்லாரும் 'அந்தப் பெண்' என்றே எழுதினார்கள்.

சோர்க்கார் அதன்பிறகும் ஊர் ஊராய்ப் போனார். 1964இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. பயணம் வேண்டாம் எண்டு வைத்தியர்கள் சொல்லியும் ஜப்பானுக்குப் போனவர், 1971 ஜனவரி 6ஆம் திகதி அங்கே மாரடைப்பால் இறந்தார். மகன் பிரதீப் தந்தையின் இடத்தில் மேடையேறினார், அதே 'இந்திரஜால்' காட்சியோடு.